தன்திறன் நம்பிக்கையும் கொங்கு நாட்டுத் தொழில்முனைவும்

தன்திறன் நம்பிக்கை என்பது, குறிப்பிட்ட ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பீடு ஆகும். மனித ஆற்றல், ஆளுமை வளர்ச்சி, தலைமைத்துவம் ஆகியவற்றை ஆராயும் உளவியலில் இது முதன்மையான கருத்துகளுள் ஒன்றாகும். பொதுவான தன்னம்பிக்கையிலிருந்து இது வேறுபட்டது. மேடையில் தயக்கமின்றிப் பேசும் ஒருவருக்குக் கணக்கில் தன்திறன் நம்பிக்கை குறைவாக இருக்கலாம். லேத்துப் பட்டறையில் தேர்ந்த ஒருவர் வங்கியில் விண்ணப்பம் நிரப்பத் தயங்கலாம். இந்த நம்பிக்கை செயலுக்குச் செயல் மாறும்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட கொங்குப் பகுதியில், அதிகம் படிக்காத பலர் பட்டறைகளையும் ஆலைகளையும் நிறுவியுள்ளனர். இதனால் இக்கருத்தின் வலிமையையும் வரம்பையும் அறிய இப்பகுதி நல்ல சான்றாக விளங்குகிறது.

கருத்தின் தோற்றம்

கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா (1925–2021) இக்கருத்தை 1977-ஆம் ஆண்டு வெளியிட்டார். பாம்பைக் கண்டு கடுமையாக அஞ்சியவர்களிடம் அவர் செய்த ஆய்வுகள் இதற்கு அடிப்படையாயின. அச்சம் கொண்டவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, துணைக்கு ஒருவர் இருக்க, படிப்படியாகப் பாம்பின் அருகே சென்று அதைத் தாமே கையாளச் செய்வது அதிகப் பயன் தந்தது. செய்து பார்த்தபின் அவர்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடும் மாறியது.

பண்டூரா இரண்டு எதிர்பார்ப்புகளைப் பிரித்துக் காட்டினார். 'இதை என்னால் செய்ய முடியும்' என்பது திறன் பற்றிய எதிர்பார்ப்பு. 'இதைச் செய்தால் நினைத்த பலன் கிடைக்கும்' என்பது விளைவு பற்றிய எதிர்பார்ப்பு. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாவிட்டால் முயற்சி தளர்ந்துவிடும்.

நான்கு ஊற்றுகள்

தன்திறன் நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்பது பண்டூராவின் கோட்பாடு.

1. நேரடித் தேர்ச்சி: தானே செய்து வெற்றி பெறுதல். நான்கினுள் இதுவே வலிமையானது. எளிதில் கிடைத்த வெற்றியைவிட, தடைகளைக் கடந்து பெற்ற வெற்றி உறுதியான நம்பிக்கையைத் தரும்.

2. பிறரைக் காணுதல்: தன்னைப் போன்ற பின்னணி கொண்ட ஒருவர் செய்து முடிப்பதைப் பார்த்தல். பார்க்கப்படுபவர் எவ்வளவு நெருக்கமானவராகத் தோன்றுகிறாரோ, அவ்வளவுக்குத் தாக்கம் மிகும்.

3. சொல் ஊக்கம்: நம்பிக்கைக்குரியவர் தரும் ஊக்க வார்த்தை. அடிப்படையற்ற புகழ்ச்சி முதல் தோல்வியிலேயே கலைந்துவிடும்.

4. உடல், மன நிலை: படபடப்பு, களைப்பு போன்றவற்றை ஒருவர் பொருள்கொள்ளும் விதம். தேர்வு அறையில் இதயம் வேகமாகத் துடிப்பதை 'தோற்கப் போகிறேன்' என்று எடுத்துக்கொள்பவரும், 'உடல் தயாராகிறது' என்று எடுத்துக்கொள்பவரும் வேறு வேறு விதமாகச் செயல்படுவர்.

நேரடித் தேர்ச்சி: ஜி.டி. நாயுடு

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று பிறந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு, பள்ளிக் கல்வியை முழுமையாகப் பெறாதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் கண்ட 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள் அவரை ஈர்த்தது. கோயம்புத்தூர் உணவகம் ஒன்றில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். அதைத் தனித்தனிப் பாகங்களாகப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பழகினார். இதுவே அவருடைய இயந்திரக் கல்வியின் தொடக்கமாயிற்று.

1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அது பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மின்சாரச் சவரக் கத்தி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி எனப் பல பொருள்களை அவர் உருவாக்கினார். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் பெற்ற தேர்ச்சியின் மேல் அமைந்ததை இவ்வாழ்க்கையில் காணலாம். மோட்டார் சைக்கிளைப் பிரித்தவருக்குப் பேருந்து எஞ்சின் அச்சம் தரவில்லை. பேருந்து எஞ்சினை அறிந்தவர் புதிய கருவிகளைச் செய்யத் தயங்கவில்லை.

பண்டூரா பிரித்துக் காட்டிய இரண்டாவது எதிர்பார்ப்புக்கும் இவர் வாழ்வே சான்று தருகிறது. 1952-இல் இருவர் அமரக்கூடிய, ஏறத்தாழ 2,000 ரூபாய் விலையிலான பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்காததால் அம்முயற்சி நின்றுபோனது. திறன் இருந்தது, திறன் பலனாக மாறும் வழி அடைபட்டிருந்தது. நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று காலமானார்.

பிறரைக் கண்டு கற்றல்: பீளமேடும் திருப்பூரும்

கோயம்புத்தூரில் 1888-இல் நூற்பாலைத் தொழில் தொடங்கியது. 1930-களில் பைகாரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் தோன்றின. கிணற்றுப் பாசனத்தை நம்பிய உழவர்களுக்கு மோட்டாரும் பம்ப் செட்டும் தேவைப்பட்டன. 1937-இல் நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் மின் மோட்டாரை உருவாக்கினர்.

இச்சூழலில் வார்ப்படச் சாலையிலும் லேத்துப் பட்டறையிலும் உதவியாளராகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் தனிப் பட்டறை தொடங்குவது வழக்கமாயிற்று. நேற்று வரை பக்கத்து லேத்தில் நின்றவர் இன்று முதலாளியாவதைக் கண்டவருக்கு, அது தனக்கும் எட்டக்கூடியதாகத் தெரிந்தது. தொலைவில் இருக்கும் புகழ்பெற்ற தொழிலதிபரின் வரலாறு இந்த அளவு நம்பிக்கையைத் தருவதில்லை.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும் இதே போக்கு காணப்பட்டது. பனியன் கம்பெனியில் கூலியாளாகச் சேர்ந்து, தையல், கட்டிங், கணக்கு என ஒவ்வொன்றாகக் கற்று, சில இயந்திரங்களுடன் ஜாப் ஒர்க் எடுக்கத் தொடங்கியவர்கள் பலர். வேலை பல சிறு பிரிவுகளாகப் பிரிந்திருந்ததால், ஒரு பிரிவை மட்டும் எடுத்துச் செய்ய முடிந்தது. முதல் படி சிறியதாக இருந்தது. தோற்றாலும் எழுந்திருக்க முடிந்தது.

தோல்வியைப் பொருள்கொள்ளும் விதம்: முருகானந்தம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், தந்தையின் மறைவுக்குப் பின் வறுமையால் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். 1998-இல் திருமணமான பின், விலை அதிகம் என்பதால் தம் மனைவி சானிட்டரி நாப்கின் வாங்காமல் பழந்துணியைப் பயன்படுத்துவதை அறிந்து, மலிவான நாப்கின் தயாரிக்க முயன்றார். பஞ்சில் செய்த முதல் மாதிரிகள் தோல்வியடைந்தன. விற்பனையில் உள்ள நாப்கின்களில் மரக்கூழிலிருந்து பெறும் செல்லுலோஸ் இழை பயன்படுவதைக் கண்டறியவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பேசத் தயங்கப்படும் பொருள் என்பதால் ஊராரின் புறக்கணிப்பையும் குடும்பத்தின் பிரிவையும் எதிர்கொண்டார். குடும்பம் பின்னர் மீண்டும் இணைந்தது.

தோல்வியை 'எனக்குத் திறன் இல்லை' என்று கொள்ளாமல், 'மூலப்பொருள் தவறு' என்று கொண்டதே முயற்சி தொடரக் காரணமாயிற்று. தன்திறன் நம்பிக்கை மிகுந்தவர்கள் தோல்விக்கு மாற்றக்கூடிய காரணங்களைத் தேடுவர் என்று பண்டூரா கூறியதற்கு இது பொருந்துகிறது. அவர் தம் எளிய இயந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். 2016-இல் பத்மஶ்ரீ விருது பெற்றார்.

கூட்டுத் திறன் நம்பிக்கை

'நாம் சேர்ந்தால் முடியும்' என்று ஒரு குழு கொள்ளும் நம்பிக்கையைப் பண்டூரா கூட்டுத் திறன் நம்பிக்கை என்றார். பவானி ஆற்றின் உபரி நீரை வறண்ட பகுதிக் குளங்களுக்குக் கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்திற்காகக் கொங்கு மக்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குரல் கொடுத்தனர். 2016-இல் அவிநாசியில் தொடர் உண்ணாநிலைப் போராட்டம் நடைபெற்றது. 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் வழங்கும் இத்திட்டம் 2024 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தது. கோரிக்கை எழுப்பிய முதல் தலைமுறையினர் பலர் அதைக் காணவில்லை. தனிமனிதர் ஆயுளைக் கடந்தும் கோரிக்கை நிலைத்திருக்கக் கூட்டு நம்பிக்கை தேவைப்பட்டது.

விமர்சனங்கள்

'உழைத்தால் யாரும் உயரலாம்' என்பது கொங்குப் பகுதியில் பரவலாகச் சொல்லப்படுவது. திருப்பூரை ஆய்வு செய்து 2004-இல் நூல் வெளியிட்ட புவியியலாளர் ஷரத் சாரி, இக்கூற்றை நுணுகி ஆராய்ந்தார். தொழிலாளியாக இருந்து முதலாளியான கொங்கு வேளாளக் கவுண்டர்கள் தம் உயர்வுக்கு உழைப்பையே காரணமாகக் கூறினர். உழைப்பு உண்மையே. ஆனால் சாதி, உறவு வட்டம், அதன்வழி கிடைத்த கடன், நம்பிக்கை, ஆர்டர் ஆகியவையும் அவர்களுக்குத் துணை நின்றன. அதே கம்பெனிகளில் அதே அளவு உழைத்த பெண்களுக்கும் தலித் தொழிலாளர்களுக்கும் அந்த வழி பெரும்பாலும் திறக்கவில்லை.

நூற்பாலைகளில் திருமணச் செலவுக்கான மொத்தத் தொகையைக் காட்டி இளம்பெண்களை ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்த 'சுமங்கலித் திட்டம்' கடும் கண்டனத்துக்கு உள்ளானது. விடுதியை விட்டு வெளியே செல்லவே கட்டுப்பாடு உள்ள ஒரு பெண்ணின் நிலையை, அவருடைய நம்பிக்கைக் குறைவால் விளக்க முடியாது. சூழலைக் கணக்கில் கொள்ளாத ஆளுமை வளர்ச்சிப் போதனை, தடைக்கு உள்ளானவரையே குற்றவாளியாக்கும் அபாயம் உண்டு.

நம்பிக்கை அளவுக்கு மிஞ்சினாலும் தீங்கு நேரலாம். 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் முன்தயாரிப்பைக் குறைத்து, அடுத்த முயற்சியின் தரத்தைத் தாழ்த்தக்கூடும் என்று உளவியலாளர் ஜெஃப்ரி வான்கூவர் நடத்திய ஆய்வுகள் காட்டின.

கல்வியிலும் தலைமையிலும் பயன்

பண்டூராவும் டேல் ஷங்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது. கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறுவர்களில் ஒரு பிரிவினருக்கு 42 பக்கங்களை ஏழு அமர்வுகளில் முடிக்கும் தொலைவு இலக்கும், மற்றொரு பிரிவினருக்கு அமர்வுக்கு ஆறு பக்கம் என்ற அண்மை இலக்கும் தரப்பட்டன. மொத்த வேலை ஒன்றுதான். அண்மை இலக்கு பெற்றவர்களே கணக்குத் திறனிலும் நம்பிக்கையிலும் ஆர்வத்திலும் அதிகம் முன்னேறினர்.

இதன்படி, ஆசிரியர், மேலாளர், குழுத்தலைவர் ஆகியோரின் முதற்கடமை, எட்டக்கூடிய அளவில் வேலையைப் பிரித்துக் கொடுத்து, கற்பவர் தாமே செய்து முடிக்க இடம் தருவதாகும். அவரைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைக் காட்டுவது அடுத்தது. பாராட்டு, செய்த வேலையைச் சுட்டியதாக இருத்தல் வேண்டும். இவற்றோடு, கற்றவருக்கு உரிய கூலி, கடன், வாய்ப்பு கிடைக்கும் வழியையும் திறந்து வைத்தால்தான் வளர்ந்த நம்பிக்கை பலனாக மாறும்.