மீளாத மிதி: மோட்டோர் வாகனக் கிளச்சின் கோளாறறிதல் பற்றி ஒரு நோக்கு

சாரதியின் இடக்காலால் அழுத்தப்படும் கிளச்சு மிதி, கால் எடுக்கப்பட்டதும் தானாகவே மேலெழ வேண்டும். அது எழாது தங்கிவிடினும் தயங்கி எழினும், வாகனம் ஓரளவு சாரதியின் கட்டுப்பாட்டை விட்டு விலகிவிடுகின்றது. சந்தியில் கியரைப் பொருத்தியபடி நிற்கும் கார், தங்கிய மிதி திடீரென விடுபட்டால், முன்னே பாயலாம். ஏற்றத்தில் எஞ்சினின் வலு சில்லுகளைச் சென்றடையாது கார் பின்னோக்கி உருளலாம். இத்தகைய குறைபாடு தோன்றியதும் நம்மிடையே பெரும்பாலும் செய்யப்படுவது யாதெனில், கியர்ப் பெட்டியை இறக்கிக் கிளச்சுத் தகட்டை மாற்றுதலாகும். விசாரணையின்றி வழங்கப்படும் தண்டனை இது. மிதி மீளாமைக்குத் தகடு காரணமாக இருப்பது அரிது. காரணம் தகட்டுக்கு முன்னுள்ள உறுப்புகளிலேயே பெரும்பாலும் அமைந்திருக்கும். அவற்றுட் பல, கியர்ப் பெட்டியைத் தொடாமலே எட்டக்கூடியவை.

இலங்கையில் இது வெறும் கைத்தொழில் விவகாரமன்று. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலமும், 2020 மார்ச்சில் தொடங்கித் தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையும், பழைய வாகனங்களின் ஆயுளை நீட்டுவதையே சாதாரண குடும்பங்களுக்கு வழியாக்கின. மாதச் சம்பளத்திற் பெரும்பகுதியை விழுங்கும் ஒரு தகட்டை வீணே மாற்றுவதா, அரைநாள் ஆராய்ந்து உண்மைக் காரணத்தைக் கண்டறிவதா என்பது, இவ்வகையில், பொருளாதாரக் கேள்வியுமாகும்.

கிளச்சின் தொழிற்பாட்டைச் சுருக்கமாக நோக்குவோம். எஞ்சினின் பறப்புச் சில்லுக்கும் வில்லின் விசையைச் செலுத்தும் அமுக்கத் தகட்டுக்கும் இடையில் உராய்வுத் தகடு நெருக்கப்பட்டிருக்கும். கியர்ப் பெட்டியின் தண்டு இவ்வுராய்வுத் தகட்டோடு இணைந்தது. மிதியை அழுத்தும்போது, இடைப்பட்ட ஏதோவோர் இணைப்பின் வழியாக ஒரு கவை அசைந்து, விடுவிப்புத் தாங்கியை முன்தள்ளுகின்றது. அமுக்கத் தகடு பின்வாங்க, உராய்வுத் தகடு விடுபடுகின்றது. காலை எடுத்ததும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளுவது அமுக்கத் தகட்டின் வில்லே. மிதியின் அருகிலுள்ள சிறு வில், மிதியின் எடையையும் வழியிலுள்ள சிறு உராய்வையும் வெல்வதற்கு மாத்திரம் போதுமானது. ஆகவே மிதி மீளவில்லையெனின், மீட்கும் விசை குறைந்திருக்க வேண்டும், அல்லது தடுக்கும் விசை கூடியிருக்க வேண்டும்.

சாரதிகள் 'கிளச்சு சிக்குது' என்று ஒரே சொல்லாற் கூறுவது உண்மையில் பல நிகழ்ச்சிகளைக் குறிக்கின்றது. மிதி தரையோடு ஒட்டிக் கிடத்தல் ஒன்று. மெல்ல மெல்ல எழுதல் மற்றொன்று. பாதிவழியில் தடைப்பட்டுப் பின் துள்ளுதல் வேறு. மிதி இலகுவாக மேலெழுந்தும் கிளச்சு பற்றாதிருத்தல் முற்றிலும் வேறு. நோயாளி 'வயிற்றுவலி' என்றதும் கத்தியை எடுக்காத வைத்தியர்போல, இவற்றுள் எது நிகழ்கின்றது என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். காலின் கீழே விரித்த கம்பளம் மிதியின் தண்டோடு சுருண்டு கிடக்கின்றதா என்று பார்ப்பதும் இக்கட்டத்திலேயே. அற்பமான செயலெனத் தோன்றலாம். எனினும், அதற்காகவே கராஜுக்கு இழுத்துவரப்பட்ட கார்களை நான் கண்டிருக்கின்றேன்.

அதன்பின் பின்பற்ற வேண்டிய நெறி எளிது: மிதியிலிருந்து கவைவரையுள்ள தொடரை நடுவில் துண்டித்து, இரு பாதிகளையும் தனித்தனியே சோதித்தல். இதன் பயனை எனக்கு உணர்த்தியது ஒரு மொரிஸ் மைனர். 1948இல் அறிமுகமான இந்தக் காரின் மிதிகள், இன்றைய கார்களிற்போல மேலிருந்து தொங்குவனவல்ல. தளத்தகட்டின் கீழ் ஓர் அச்சுத் தண்டில் அமைந்து, மேல்நோக்கி எழுபவை. மழைநீரும் வீதிச் சேறும் அவ்வச்சை நேரே சென்றடைகின்றன. கடுகண்ணாவை ஏற்றத்தில் மிதி ஒட்டிக்கொண்டபோது, நான் நாடிய முதற் கராஜில் தகடு, அமுக்கத் தகடு, காரீயகத்தாலான விடுவிப்புத் தாங்கி ஆகிய மூன்றும் மாற்றப்பட்டன. இரு வாரங்களில் மிதி மீண்டும் ஒட்டியது.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் இருந்த முதியவர், காரின் கீழே படுத்து, மிதியைக் கிளச்சுத் தண்டோடு பிணைக்கும் ஓர் ஆணியை உருவினார். திருப்பு வில்லையும் கழற்றினார். பின் என்னை அழைத்து, "தம்பி, இப்ப மிதியைக் கையால ஆட்டிப் பாரும்" என்றார். கிளச்சோடு எத்தொடர்புமற்ற நிலையிலும் மிதி கனத்தது. "அப்ப குற்றம் இஞ்சால பக்கம்தானே?" என்று மாத்திரம் கேட்டார். மிதியச்சின் கிறீஸ் துளை சேற்றால் அடைபட்டு, அச்சு துருப்பிடித்திருந்தது. கழற்றித் துருவை நீக்கிக் கிறீஸ் ஊட்டியதோடு காரியம் முடிந்தது. வீணே கழற்றப்பட்டிருந்த பழைய தகட்டை அவர் அளந்து பார்த்தார். தறையாணிகளுக்கு மேல் உராய்வுப் படை இன்னும் நன்றாகவே இருந்தது. அவர் தொழில்நுட்பக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். ஆயினும், ஒரு மாறியை நீக்கி மற்றொன்றைச் சோதிக்கும் அந்த முறைக்கு நமது ஆய்வுகூடங்களில் நாம் வழங்கும் மதிப்பை அவரது கராஜுக்கு வழங்குவதில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அவர் 'பிஸ்ரன்' என்பதை நமது பாடநூல் 'முசலம்' என்கின்றது. இரு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பன என்பதை அறிந்தோர் இரு பக்கத்திலும் சிலரே.

ஆணியை உருவியபின் மிதி இலகுவாக ஆடியிருந்தால், குற்றம் மறுபாதிக்கு உரியதாகியிருக்கும். அங்கே இடைத்தண்டின் தேய்ந்த உறைகள், நீள்வட்டமாகிவிட்ட ஆணித் துளைகள் ஆகியவற்றை நோக்க வேண்டும். எதுவாயினும், மீளப் பொருத்தும்போது மிதியின் மேல்முனையில் ஏறத்தாழ முக்கால் அங்குல வெற்றசைவு இருத்தல் அவசியம். வெற்றசைவு இல்லையாயின் காரீயகத் தாங்கி ஓயாது உரசித் தேய்ந்துவிடும்.

இன்று நமது வீதிகளிலுள்ள கார்களிற் பல, ஆணியும் தண்டும் அன்றித் திரவத்தாற் கிளச்சை இயக்குபவை. கராஜ்களில் 'மாஸ்ரர்' எனப்படும் முதன்மை உருளை மிதியருகிலும், துணை உருளை கியர்ப் பெட்டியருகிலும் இருக்கும். இவ்வமைப்பில் எவ்வளவு சிறிய குறை எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதை ஒரு கணிப்பாற் காணலாம். முதன்மை உருளையின் விட்டம் 5/8 அங்குலம், முசலத்தின் அசைவு 1 அங்குலம் எனக் கொள்வோம். தள்ளப்படும் திரவம் ஏறத்தாழ 5 கன சென்ரிமீற்றர். துணை உருளையின் விட்டம் 3/4 அங்குலமாயின், அதன் முசலம் ஏறத்தாழ 17.6 மில்லிமீற்றர் அசையும். குழாயினுள் 1 கன சென்ரிமீற்றர் வளி புகுந்திருந்தால், அமுக்கத்தில் அது ஏறக்குறைய முற்றாகச் சுருங்கிவிடும். துணை முசலம் 3.5 மில்லிமீற்றரை இழக்கும். மிதியின் பயணத்தில் ஐந்திலொரு பங்கு, ஒரு சிறு குமிழுக்குப் பலியாகின்றது.

மிதி தரையோடு கிடந்து, காலாற் கொழுவித் தூக்கினால் எழுமாயின், அநேகமாகத் திரவ அமுக்கம் இழக்கப்பட்டுள்ளது. பல கார்களில் மிதியோடு பொருத்தப்பட்டுள்ள துணைவில், மிதி நடுவழியைக் கடந்ததும் அதனைக் கீழ்நோக்கித் தள்ளிச் சாரதியின் சிரமத்தைக் குறைக்கும். எதிரே அமுக்கத் தகட்டின் விசை இல்லாதபோது அதே வில் மிதியைத் தரையிற் பிடித்து வைத்துவிடுகின்றது. முதலில் திரவத்தின் மட்டத்தைப் பார்க்க. பின் கம்பளத்தை நீக்கி, மிதியின் உந்துதண்டு சுவரினுட் செல்லுமிடத்தைத் தடவிப் பார்க்க. ஈரமாயின் முதன்மை உருளையின் பின் இறப்பர் பழுது. துணை உருளையின் தூசுறை ஈரமாயின் பழுது அங்கே. எங்கும் ஈரமின்றி, அழுத்திய மிதி மெல்லத் தாழுமாயின், முதன்மை உருளையினுள்ளே கிண்ண இறப்பரைக் கடந்து திரவம் பின்னோக்கிக் கசிகின்றது என்க.

மிதி தாமதமாக எழுதலும், மிதி எழுந்தும் கிளச்சு தாமதமாகப் பற்றுதலும் எதிர்மாறான கோளாறுகள். இங்கே அமுக்கம் வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டுள்ளது. துணை உருளையிலுள்ள வளி நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துக. கிளச்சு உடனே பற்றுமாயின் பொறியுறுப்புகள் குற்றமற்றவை. அமுக்கத்தைச் சிறைப்பிடித்தது அதற்கு மேலுள்ள ஏதோவொன்று. அடுத்த முறை, நெகிழ் குழாயின் மேல்முனை இணைப்பைத் தளர்த்துக. அப்போது விடுபடாது, கீழ்த் திருகைத் தளர்த்தும்போது மாத்திரம் விடுபடுமாயின், குழாய் உட்புறம் வீங்கி ஒருவழிக் கதவம்போல நடக்கின்றது; அழுத்தும் விசை திரவத்தைத் தள்ளிவிடும், திரும்பும் விசையோ அதனை மீட்கப் போதாது. மேல்முனையிலேயே விடுபடுமாயின் முதன்மை உருளையைச் சோதிக்க: உந்துதண்டில் வெற்றசைவு இல்லாமையால் முசலம் முற்றாகப் பின்வராது, திரவம் தாங்கிக்குத் திரும்பும் சிறு துளை மூடுண்டிருக்கலாம்; அல்லது இறப்பர் வீங்கியிருக்கலாம்.

இறப்பர் வீங்குவதற்கு நமது பழக்கமே பல வேளைகளிற் காரணமாகின்றது. 1990களில் வடக்கில் எரிபொருட் தடையின்போது, சிறிது பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயிலேயே மொரிஸையும் ஒஸ்ரினையும் ஓட்டிய மக்கள் நாம். எதனையும் மண்ணெண்ணெயிற் கழுவும் வழக்கம் கராஜ்களில் இன்றும் உண்டு. உலோகத்துக்கு அதனாற் கேடில்லை. ஆயின், கிளைக்கோல் சார்ந்த பிரேக் திரவத்துக்கென ஆக்கப்பட்ட இறப்பருக்கு மண்ணெண்ணெயும் பெற்றோலும் எஞ்சின் எண்ணெயும் நஞ்சு. அவ்விறப்பர் பருத்து, முசலத்தை உருளையினுள் இறுக்கிவிடும். பல கார்களிற் கிளச்சும் பிரேக்கும் ஒரே தாங்கியிலிருந்து திரவம் பெறுவதால், அங்கே தவறாக ஊற்றப்பட்ட ஒரு கரண்டி எண்ணெய் கிளச்சோடு நில்லாது பிரேக்கையும் பற்றும். இவ்வுறுப்புகளைப் புதிய பிரேக் திரவத்திலோ மதுசாரத்திலோ கழுவுதலே முறை. அத்திரவம் வளியின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 வகையின் கொதிநிலை புதியதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும், ஈரமேறியபின்னர்க்கான எல்லையோ 140 பாகை. கிளச்சைப் பொறுத்தவரை கொதித்தலைவிட, அந்த ஈரத்தால் உருளையின் உட்சுவர் அரிப்புறுதலே பெருந்தீங்கு. குழிவிழுந்த உருளைக்குப் புதிய இறப்பர் இடுவது சில மாதங்களுக்கே உதவும்.

கம்பியால் இயங்கும் கிளச்சுக்கு மாருதி 800 நல்ல உதாரணம். கம்பியின் இழைகள் உறையினுள் அறுந்து சிலும்பினால் மிதி பாதிவழியில் தடைப்படும். புதுக் கம்பியே பரிகாரம். புதுக் கம்பியும் விரைவிற் கெடுமாயின், எஞ்சினையும் உடற்சட்டத்தையும் இணைக்கும் புவித்தொடுப்புப் பட்டையைச் சோதிக்க. அப்பட்டை அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால், எஞ்சினைக் கிளப்பும்போது பாயும் பெருமின்னோட்டம் வேறு வழியின்றிக் கிளச்சுக் கம்பியின் வழியே திரும்பி, அதனைச் சூடாக்கி, உட்புற நைலோன் உறையை உருக்கிவிடும். காற்கீழ் மிதியின் நோய்க்கு மூலம் மின்சுற்றில் இருக்கக்கூடும் என்பதைக் கம்பியை மாத்திரம் பார்ப்பவர் எங்ஙனம் அறிவார்?

மிதி தனியே இலகுவாக ஆடி, திரவமோ கம்பியோ குற்றமற்றதெனத் தெளிந்தபின்னரே கியர்ப் பெட்டியை இறக்குவது நியாயம். அங்கே கவையின் திருகுமையம் உலர்ந்திருத்தல், விடுவிப்புத் தாங்கி நழுவும் குழாய் தேய்ந்து வடுப்படல், அமுக்கத் தகட்டின் வில்விரல் முறிதல் ஆகியவற்றை நோக்குக. இறக்க நேர்ந்தால் மூன்று உறுப்புகளையும் ஒருங்கே மாற்றுவது சிக்கனமே, கூலி ஒருமுறைதான். காரின் கீழே செல்லுமுன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின் மீது காரை நிறுத்துக. யாக்கை மாத்திரம் நம்பிப் படுப்பவர்களுக்கு இக்கட்டுரையாற் பயனில்லை.

எல்லாம் பொருத்தியபின், சமதரையில் எஞ்சினை ஓடவிட்டு, மிதியை முற்றாக அழுத்தி மூன்று நான்கு விநாடிகள் பொறுத்துப் பின்னோக்கு கியரைப் பொருத்துக. பல கார்களில் இக்கியருக்கு ஒத்திசைப்பி இல்லையாதலால், கிளச்சு முற்றாக விடுபடாவிடின் பற்கள் அரைபடும் ஓசை கேட்கும். ஓசையின்றிப் பொருந்தி, காலை எடுத்ததும் மிதி தயங்காது எழுமாயின், காரை ஓர் ஏற்றத்துக்குக் கொண்டுசென்று மீண்டும் ஒருமுறை பார்க்கலாம்.