சுபேதாருக்கு எந்தக் கதவு? படைவீரர் கிளப்புகள் பற்றிச் சில குறிப்புகள்

எங்க சாயர்புரம் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பெயர் 'மிலிட்டரிக்காரர்'தான். சிப்பாய், ஹவில்தார், சுபேதார் எல்லாருக்கும் அதே பெயர். நகரத்தில் இருக்கிற படைவீரர் கிளப்புகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வாசலில் முதல் கேள்வியே ரேங்க்தான். "பெரியப்பா இருபத்து நாலு வருஷம் சர்வீஸ் போட்டவரு. பெங்களூர் போறப்ப அவரைக் கூட்டிட்டு ஆபீசர் கிளப்புல ஒரு சாப்பாடு சாப்பிடலாமாண்ணே?" என்று சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கேட்டான். பெரியப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பதில் தேடிப் போனபோது சேர்ந்த குறிப்புகள் இவை.

எங்கிருந்து வந்தது?

இந்த வகைக் கிளப்புக்கு மூலம் லண்டன். நெப்போலியன் போர்கள் முடிந்த 1815-இல் அங்கே யுனைடெட் சர்வீஸ் கிளப் தொடங்கியது. அதுகூட எல்லா அதிகாரிகளுக்கும் இல்லை, மேல்நிலை அதிகாரிகளுக்கு மட்டும். இளநிலை அதிகாரிகளுக்குப் பிறகு தனியாக ஒன்று வந்தது. ஆக, ரேங்க் பார்த்துக் கதவு வைப்பது ஆரம்பத்திலேயே இருந்த பழக்கம்.

அந்தப் பழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1868-இல் பெங்களூரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சேர்ந்து 'பெங்களூர் யுனைடெட் சர்வீஸ் கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைய பெங்களூர் கிளப் அதுதான். இப்போது அது ராணுவக் கிளப் இல்லை. சிவில் ஆட்களும் உறுப்பினர்கள்.

இந்தக் கிளப்பின் பழைய கணக்குப் புத்தகம் ரொம்பப் பிரபலம். 1899-இல் வராத கடன் என்று எழுதிவைத்த பட்டியலில் லெப்டினன்ட் டபிள்யூ.எல்.எஸ். சர்ச்சில் பெயரில் 13 ரூபாய் பாக்கி நிற்கிறது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான அதே வின்ஸ்டன் சர்ச்சில்தான். நாலாவது ஹுஸ்ஸார் குதிரைப்படையோடு 1896-இல் பெங்களூர் வந்தவர், பாக்கியைக் கட்டாமலே போய்விட்டார். 2020-இல் இந்தக் கிளப்பின் செல்வ வரி வழக்கில் தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்றம், ஆரம்பத்திலேயே இந்த 13 ரூபாயைக் குறிப்பிட்டு, இன்றுவரை வரவில்லை என்று சொல்கிறது! வழக்கில் கிளப்தான் ஜெயித்தது. லாபத்துக்காகச் சேர்ந்த கூட்டம் இல்லை, அதனால் அந்த வரி இதற்குப் பொருந்தாது என்பது முடிவு.

கோடு எங்கே விழுகிறது?

கிளப் விதிகளில் 'ஆபீசர்' என்றால் கமிஷன் பெற்ற அதிகாரி, அதாவது லெப்டினன்ட் முதல் மேலே. அதற்குக் கீழே நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற ஜே.சி.ஓ. வரிசை. அதற்கும் கீழே ஹவில்தார், நாயக், சிப்பாய்.

நடுவில் ஏன் இப்படி ஒரு தனி வரிசை? பிரிட்டிஷ் காலத்தில் இந்தியருக்கு முழுக் கமிஷன் கொடுப்பதில்லை. முப்பது வருஷம் போர்க்களம் பார்த்த சுபேதாரும், நேற்று சேர்ந்த வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழேதான். இந்தியர்களுக்கு சாண்ட்ஹர்ஸ்ட் கதவு திறந்தது 1918-க்குப் பிறகு, அதுவும் வருஷத்துக்குப் பத்துப் பேருக்கு. டேராடூன் ராணுவ அகாதமி 1932-இல்தான் வந்தது. விடுதலைக்குப் பிறகு 'வைஸ்ராய் கமிஷன்' என்ற பெயர் 'ஜூனியர் கமிஷன்' என்று மாறியது. வரிசை அப்படியே நின்றது. இன்றும் படைப்பிரிவுகளில் ஆபீசர் மெஸ் வேறு, ஜே.சி.ஓ. மெஸ் வேறு. கிளப் வாசலில் விழுகிற கோடு இந்தப் பழைய கோடுதான்.

டெல்லி தௌலா குவானில் இருக்கிற டி.எஸ்.ஓ.ஐ., மும்பை கொலாபாவின் யுனைடெட் சர்வீசஸ் கிளப், பெங்களூர் எம்.ஜி. ரோட்டின் ராஜேந்திர சிங்ஜி இன்ஸ்டிட்யூட் எல்லாம் அதிகாரிகளுக்காக அமைந்தவை.

ஒழுக்கத்துக்கு இந்தப் பிரிவினை தேவை என்று ராணுவத்தில் இருந்தவர்கள் பலர் சொல்வார்கள். கட்டளையிடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே மேஜையில் குடித்துவிட்டு, மறுநாள் காலையில் பரேடில் நிற்பது சிரமம் என்பது அவர்கள் வாதம். சர்வீஸில் இருக்கும்வரை அதில் நியாயம் இருக்கு. ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆனவருக்கும் அது பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

வேறு மாதிரியும் செய்யலாம்

லண்டனிலேயே இதற்கு மாற்று வந்துவிட்டது. போயர் போரில் நர்ஸாக இருந்த எதெல் மெக்கால், சாதாரண சிப்பாய்க்குத் தலைநகரில் கௌரவமாகத் தங்க இடமில்லை என்று பார்த்து நிதி திரட்டினார். 1907-இல் வாட்டர்லூ ரயில் நிலையம் பக்கத்தில் யூனியன் ஜாக் கிளப் திறந்தது, கமிஷன் இல்லாதவர்களுக்காகவே. அதே 1907-இல் தொடங்கிய வெட்டரன்ஸ் கிளப், இன்று விக்டரி சர்வீசஸ் கிளப் என்ற பெயரில் எல்லா ரேங்க்குக்கும் பொதுவாக நடக்கிறது. காமன்வெல்த் நாடுகளின் படைவீரர்களும் அதில் சேரலாம். அதாவது, நம்ம ஊர் ஹவில்தாருக்கு லண்டனில் திறக்கிற கதவு பெங்களூரில் திறப்பதில்லை.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு

• உறுப்பினர் கூட வராமல் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்து போடணும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

• பில் பொதுவாக உறுப்பினர் கணக்கில்தான் ஏறும். நீங்க காசை நீட்டினால் அவருக்குத்தான் சங்கடம்.

• ராணுவ வளாகத்துக்குள் இருந்தால், கேட்காமல் போட்டோ எடுக்காதீங்க.

• உடை முக்கியம். காலர் வைத்த சட்டை, பேன்ட், ஷூ போட்டுப் போனால் பிரச்சினை இல்லை. செருப்பு வேண்டாம்.

வேட்டி? 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அந்த வருஷமே தமிழ்நாடு அரசு சட்டம் போட்டது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் கிளப் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ராணுவமும் மெதுவாக மாறுகிறது. 2024-இல் கடற்படை தன் மெஸ்களில் குர்தா பைஜாமாவை அனுமதித்தது. ஆனாலும் பெங்களூருக்கோ டெல்லிக்கோ போகிறவர் முன்கூட்டியே போன் போட்டு கேட்டுக்கொள்வது நல்லது.

அப்போ பெரியப்பாவுக்கு?

அவர் உறுப்பினராக முடியாது. ஒரு அதிகாரியின் விருந்தாளியாக வரலாமா என்பது அந்தந்தக் கிளப்பின் விதியைப் பொறுத்தது. தங்குவதற்கு என்றால் வேறு வழி இருக்கு. பல நகரங்களில் சைனிக் ரெஸ்ட் ஹவுஸ் எனப்படும் படைவீரர் ஓய்வு இல்லங்கள் இருக்கின்றன. எல்லா ரேங்க்குக்கும் உண்டு, அவர்களின் விதவைகளுக்கும் உண்டு, வாடகை குறைவு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை அவசியம்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "எனக்கு அங்க சாப்பிடணும்னு ஆசை இல்லப்பா. நாங்களும் அங்கதானே நின்னோம், அது அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். பெங்களூருக்கு ஓய்வு இல்லத்தில் ரூம் சொல்லியிருக்கோம்.