பட்டான் கல்லிலிருந்து பிளெக்ஸ் வரை

கல்வராயன் மலையின் வடக்குச் சரிவில் இறங்கினால் தென்பெண்ணை. ஆற்றைத் தாண்டினால் செங்கம் வட்டாரம், அதற்கும் அப்பால் ஜவ்வாது மலை. இந்த இரண்டு மலைகளுக்கும் இடைப்பட்ட கணவாய் வழியாகத்தான் பாராமகாலிலிருந்து, அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து, சமவெளிக்கு மாடும் வந்தது, படையும் வந்தது. ஆநிரை கவர்ந்தவனும் மீட்டவனும் இங்கே விழுந்து கிடந்தார்கள். அவர்களுக்கு ஊர் நட்ட கற்களைத் தேடித் தொகுத்து, தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் பதிப்பில் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை 1972-ல் கொண்டுவந்தது.

அந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எழுத்து வட்டெழுத்து. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் உயிர் விட்டான் என்கிறது கல்வெட்டு. அதோடு நிற்கவில்லை. அவனுடன் நின்று கள்ளரைக் கடித்த நாயின் பெயரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கல்லில் வீரனுக்குப் பக்கத்திலேயே நாயும் நிற்கிறது. சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டை எழுதிய அதே உளி, ஒரு நாயின் பெயரையும் மறக்காமல் எழுதியது.

இந்தப் பகுதிக் கற்களில் வீரன் நிற்கும் நிலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கையில் வில், மறு கையில் வாள். தலைமுடியை அள்ளிக் கொண்டையாக முடிந்திருப்பான். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்தபடியே நிற்பான். காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். யார் காலத்தில், யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டுக்காக, யாரோடு மோதிப் பட்டான் என்பதை நாலைந்து வரியில் சொல்லி, 'கல்' என்று முடித்துவிடுவார்கள். புகழ்மொழி அநேகமாக இருக்காது. செய்தி மட்டும்தான்.

கல்லை நட்டதோடு ஊரின் வேலை முடிந்துவிடவில்லை. நடுகல்லுக்கான கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. செத்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகளில் வருவது அந்த நிலம்தான். அவன் சிந்திய ரத்தத்துக்கு ஊர் கொடுத்த காணி. பிள்ளைகள் அதை உழுது சாப்பிட்டார்கள். இன்றைக்கும் செங்கம், தர்மபுரிப் பக்கம் போனால் இந்தக் கற்களில் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்வெட்டை ஊரில் யாராலும் படிக்க முடியாது, வீரனின் பெயரும் மறந்து போயிற்று. ஆனாலும் மஞ்சள் குங்குமமும் பொங்கலும் தவறுவதில்லை.

கல்வராயன் மலையைக் கொண்ட இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் திருநாவலூரைச் சுந்தரர் பிறந்த ஊராகத்தான் பலருக்குத் தெரியும். பத்தாம் நூற்றாண்டில் அதற்கு ராஜாதித்தபுரம் என்று இன்னொரு பெயர். பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன், வடக்கிலிருந்து ராஷ்டிரகூடர் படை வரும் என்று எதிர்பார்த்து, பல ஆண்டுகள் இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான் பாளையம் இறங்கியிருந்தான். அவன் படையில் கேரளத்து வீரர்களும் உண்டு. அவர்களில் ஒரு தளபதி வெள்ளங்குமரன். தென்பெண்ணைக் கரையில், கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில், 943 வாக்கில் ஒரு கற்கோயில் எடுப்பித்தவன். 949-ல் தக்கோலத்தில் போர் நடந்தது. யானை மேல் இருந்த ராஜாதித்தனை ராஷ்டிரகூடர் தரப்பில் நின்ற கங்க மன்னன் பூதுகன் கொன்றான். 'ஆனைமேல் துஞ்சின' என்ற அடைமொழி அப்படித்தான் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வெள்ளங்குமரன் அன்று தன் தலைவனோடு சேர்ந்து சாகவில்லை. அந்த வருத்தம் தாங்காமல் கங்கைக்குப் போய்த் துறவியாகி, பிறகு திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்தின் தலைவராக இருந்ததை அங்குள்ள ஒரு கல்வெட்டு சொல்கிறது. களத்தில் பட்டவனைப் பற்றி ஆயிரம் கல் இருக்கும். உயிரோடு திரும்பியவனின் மனசைச் சொல்லும் கல் அபூர்வம். எதிர்த்தரப்பின் கதையும் ஒரு கல்லில்தான் இருக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு தக்கோல வெற்றியைப் பேசுகிறது. ஆனால் அந்தக் கல் நடப்பட்டது காளி என்ற வேட்டை நாய்க்காக, பன்றியோடு மோதிச் செத்ததற்காக. கோவிவனுக்கு ஒரு துணை.

துப்பாக்கி வந்த பிறகு, பெயர் சொல்லிக் கல் நடும் இந்தக் கணக்கு மாறிப்போனது. தியாகதுருகம் மலைக்கோட்டையைச் சென்னை–சேலம் சாலையில் போகும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1790-ல் திப்பு அதைத் தாக்கியபோது கோட்டையைக் காத்தவர் கேப்டன் பிளின்ட். வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. அவரோடு நின்ற சிப்பாய்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, எண்ணிக்கைதான். கம்பெனிக்காகச் செத்தவனுக்கு எந்த ஊர் கல் நடும்?

பெயரை விட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதும் இந்த வழக்கம் முதல் உலகப் போரில் உச்சத்துக்குப் போனது. மெசபடோமியாவில் மெட்ராஸ் சாப்பர்களும் கர்நாடிக் காலாட்படைகளும் சண்டையிட்டன. அங்கே செத்தவர்களுக்காகப் பாஸ்ராவில் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் இந்தியப் படைகளின் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரண சிப்பாய்களை இத்தனை பேர் என்று எண்ணாக எழுதி முடித்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கிராமங்களிலும் சின்னச் சின்னப் பலகைக் கற்களை வைத்தது அரசாங்கம். இந்த ஊரிலிருந்து 1914–1919 போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர்கள் இத்தனை பேர், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்னும் பழைய கட்டடச் சுவரில் அந்தக் கல் இருக்கிறது, சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் போனதும் உண்டு. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் இந்த ஓரவஞ்சனையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021-ல். எடுத்தனூரில் நாய்க்குக் கிடைத்தது சாம்ராஜ்யத்தின் சிப்பாய்க்குக் கிடைக்க நூறு வருஷம் ஆயிற்று.

போர் முடிந்த சில ஆண்டுகளில் மதராஸ் காலாட்படையையும் கலைத்துவிட்டார்கள். தென்னாட்டான் போர்க்குடி அல்ல என்பது வெள்ளைக்காரக் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அந்தக் கணக்கு மறந்துபோய், மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி முளைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962, 1965, 1971 போர்களில் ஊருக்கு வந்தது பெரும்பாலும் தந்திதான். உடலை அங்கேயே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி இறங்கினாலே தெருவில் பேச்சு நின்றுவிடும். உடல் பார்க்காததால் பொட்டழிக்க மறுத்து, வருவார் வருவார் என்று வருஷக்கணக்கில் காத்திருந்த பெண்களின் கதைகள் ராணுவக் குடும்பங்களில் ஏராளம். 1999 கார்கில் அதை மாற்றியது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வீட்டு வாசலுக்கே வந்தது. அந்த மே மாதம் படாலிக்கில் விழுந்த திருச்சி மேஜர் சரவணனின் உடல் மலையிலிருந்து மீட்கப்பட்டு ஊர் வந்து சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஊரே தெருவில் நின்றது.

இப்போது அது ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. விமான நிலையத்தில் மலர்வளையம், பிறகு ராணுவ வண்டி. ஊர் எல்லையிலிருந்தே பிளெக்ஸ் போர்டு. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடி, கலெக்டர், எஸ்.பி., துப்பாக்கி முழக்கம், மடித்த கொடி மனைவியின் கையில். எல்லோர் செல்போனும் மேலே தூக்கியிருக்கும். குறை சொல்வதற்கில்லை, தந்தியை விட இது எவ்வளவோ மேல். ஆனால் பிளெக்ஸ் ஒரு மழைக்குத் தாங்காது. அதில் வீரனின் படத்தை விட வைத்தவர்களின் படம் பெரிதாக இருப்பதும் நாம் பார்க்காததல்ல.

பெயரைப் பொறுத்தவரை டெல்லி கடனை அடைத்துவிட்டது. 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுமார் 26 ஆயிரம் பெயர்கள் கிரானைட்டில் இருக்கின்றன. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஒரே அளவு கல். 2020 ஜூனில் கல்வானில் உயிர்விட்ட ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா கிடைத்தது. மாநில அரசு 20 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை 2024 தீபாவளிக்கு 'அமரன்' என்று படமாக வந்து தியேட்டரை நிறைத்தது. நினைவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது உதிரப்பட்டிதான். நிலமாகக் கொடுத்தது தலைமுறைகளுக்கு நின்றது. பிறகு வந்தது குடும்ப ஓய்வூதியம். போரில் இறந்தவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் மனைவிக்கு மாதாமாதம் வரும். அது அந்த மனைவியின் காலம் வரைக்கும். 2022-ல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேரும் அக்னிவீரன் பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, கருணைத் தொகை 44 லட்சம், இன்னும் சில தொகைகள். வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கிடையாது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய பணம். ஆனால் மொத்தமாக வருகிற பணம் எப்படிப் போகும், யார் யார் வாசலில் வந்து நிற்பார்கள் என்று கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவர்களுக்கா கட்டியவளுக்கா என்ற வழக்கும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கல்வராயன் மலைக்காரர்களுக்கு நிலத்தின் அருமை கூடுதலாகவே தெரியும். 1976 வரைக்கும் அந்த மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. கூலியில்லாமல் அவர்களுக்கு உழைத்த மலையாளிப் பழங்குடிகளிடம் ஓர் ஊர் சேர்ந்து ஒருவனுக்கு விட்டுக்கொடுக்கும் நிலமா இருந்திருக்கும்? அந்த வருஷம்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. மனுவோடு போக வேண்டிய கலெக்டர் ஆபீஸ் முன்பு கடலூரில் இருந்தது, 1993-ல் விழுப்புரம் போனது, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சிக்கே வந்தது. திங்கட்கிழமை மனு கொடுக்க வெள்ளிமலையிலிருந்து வருகிற ஒரு தாய்க்கு இது சாதாரண மாற்றமல்ல.

அடிவாரத்துச் சாலைகளில் விடியற்காலையில் பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் முழு மதிப்பெண். கொடி நாளான டிசம்பர் 7-ல் அலுவலகங்களில் உண்டியல் சுற்றிவரும், நாமும் பத்து ரூபாய் போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்வோம். அதை விடுவதற்கில்லை. ஆனால் உங்கள் ஊராட்சியில் ஜனவரி 26 கிராம சபை கூடும்போது ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் யார், எந்த வருஷம், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார்கள் என்று விசாரித்து, பள்ளிக்கூட வாசலில் ஒரு கல் நடுங்கள். பழைய உலகப் போர்ப் பலகை எங்காவது சுண்ணாம்புக்கு அடியில் கிடந்தால் அதையும் சுரண்டி எடுத்து அதன் பக்கத்திலேயே வையுங்கள். திரும்பாதவர்களின் குடும்பங்கள் கொடுத்த மனு எந்த மேஜையில் நிற்கிறது என்று அதே கூட்டத்தில் கேளுங்கள்.