எண்ணெய்ப் படலமே தாங்கியின் உயிர்

வலிமை மிக்க பொறியொன்றை அழிக்க, மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் சிறுபொழுது அறுந்தால் போதும். செருமனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2000 முதல் 2006 வரை உருவாக்கிய எம்3 மகிழுந்து இதற்குத் தக்க சான்று. ஒரே வரிசையில் ஆறு உருளைகள் கொண்ட அதன் 3.2 லிட்டர்ப் பொறி, நிமிடத்திற்கு 8000 சுற்றுகள் வரை சுழல வல்லது. தொடக்கக்கால வண்டிகள் சிலவற்றில், உந்துருளையை வணரித்தண்டோடு பிணைக்கும் இணைப்புத்தண்டின் தாங்கிகள் உரிய காலத்திற்கு முன்பே பழுதுற்றன. நிறுவனமே அவற்றை மாற்றித் தந்தது.

தாங்கியும் வணரித்தண்டும் ஒன்றையொன்று தொடாமல் இயங்க வேண்டியவை. 1883இல் இங்கிலாந்தின் பீச்சம் டவர் ஆய்ந்தபோது, தாங்கியின் எண்ணெய்த் துளையை மூடிய அடைப்பை உள்ளிருந்த அழுத்தம் வெளியே தள்ளியது. சுழலும் தண்டு, ஆப்பு வடிவ இடைவெளிக்குள் எண்ணெயை இழுத்து, அவ்வழுத்தத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்று 1886இல் ஆசுபர்ன் ரேனால்ட்சு கணித வழியில் நிறுவினார். மழைநீர் தேங்கிய சாலையில் விரையும் சக்கரம் நீர்மேல் மிதப்பதும் இவ்வகை அழுத்தத்தாலேயே.

சுழற்சி வேகம் இரட்டித்தால், இணைப்புத்தண்டு வழியே தாங்கியை அடையும் உந்துருளையின் நிலைம விசை நான்கு மடங்காகும். 8000 சுற்றுகளில் எம்3இன் உந்துருளை சராசரியாக நொடிக்கு 24 மீட்டர் விரைவில் மேலும் கீழும் பாய்கிறது. அவ்விசை முழுவதையும் தாங்குவது, சில மைக்ரோமீட்டர் அளவுக்கு மெலியும் படலமே. அதற்கான எண்ணெயும் முதன்மைத் தாங்கிகளைக் கடந்து, வணரித்தண்டின் உட்துளைகள் வழியாகவே இணைப்புத்தண்டை அடைகிறது.

ஆகவே காப்பு முறைகள் தெளிவானவை. குளிர்ந்த எண்ணெய் தடித்து மெல்ல ஓடும். அந்நிலையில் பொறியை விரட்டுதல் ஆகாது. குளிர்விக்கும் நீரின் வெப்பமானி முள் உரிய இடத்தை எட்டிய பின்னும் எண்ணெய் சூடேறியிராது. இதனை உணர்ந்தே எம்3இன் சுழற்சிமானியில் எச்சரிக்கை விளக்குகள் பதிக்கப்பட்டன. எண்ணெய் சூடேறச் சூடேற அவை அணைந்து, பாதுகாப்பான வேக எல்லையை உயர்த்திக் காட்டும். குறைந்த சுழற்சியில் உயர்ந்த கியரில் முடுக்கியை முழுதும் அழுத்துவதும் தீங்கே. படலத்தை ஆக்கும் வேகம் அப்போது குறைவு, எரிதலின் அழுத்தமோ மிகுதி.

எண்ணெயின் அளவு குறைந்தால், கூர்வளைவுகளில் அது ஒருபுறம் ஒதுங்கி, எண்ணெய் எக்கி காற்றை உறிஞ்சக்கூடும். குறுந்தொலைவுப் பயணங்களில் எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துப்போகும். எனவே அளவை அடிக்கடி நோக்குதலும், இப்பொறிக்கென வகுத்த 10டபிள்யூ-60 எண்ணெயைக் காலம் தாழ்த்தாது மாற்றுதலும் இன்றியமையாதவை. வடிகட்டியை அறுத்து உலோகத் துகள்களைத் தேடுதலும், பழைய எண்ணெயில் ஈயமும் செம்பும் ஏறுகின்றனவா என ஆய்வகத்தில் அறிதலும் முன்னெச்சரிக்கை தரும். தேய்மானம் புலப்பட்டால், தட்டும் ஓசை எழும்வரை காத்திராமல் தாங்கிகளை மாற்றிவிட வேண்டும். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்தே அதனைச் செய்யலாம். ஓசை எழுந்தபின் வணரித்தண்டையும் இழக்க நேரும். வேகத்தை விரும்புவோர் அவ்வேகத்தைத் தாங்கும் படலத்தையும் பேணுதல் கடமை.