தொப்பிக்கு விடை கொடுத்த சாக்ஸபோன்கள்

எங்கள் ரயில்வே பார்சல் ஆபீசில் ஓர் ஆணியில் குடை ஒன்று தொங்குகிறது. அதற்கு உரியவர் காலமாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. அவருடைய நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் குடையை எடுக்க மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை.

அமெரிக்காவில் இப்படி ஒரு தொப்பி உண்டு. அந்தத் தொப்பிக்குரியவர் மறைந்தபோது இயற்றப்பட்ட இரங்கல் இசை, 1959-ம் ஆண்டு முதல் இன்று வரை வாசிக்கப்பட்டு வருகிறது. அதன் பெயர் ‘குட்பை பார்க் பை ஹாட்’. ‘தொப்பியே, போய் வா’ என்று பொருள் கொள்ளலாம்.

யார் அவர்?

தொப்பிக்குச் சொந்தக்காரர் லெஸ்டர் யங். 1909-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பர், சாக்ஸபோன் மேதை.

சாக்ஸபோன் என்றதும் நம்மவர்களுக்குக் கத்ரி கோபால்நாத்தும் ‘டூயட்’ படமும்தான் நினைவுக்கு வரும். கோபால்நாத் வாசித்தது ஆல்ட்டோ சாக்ஸபோன். லெஸ்டர் யங் வாசித்தது அதைவிடப் பெரிய, குரல் தடித்த டெனர் சாக்ஸபோன்.

அழுத்தி ஊதுவதே பாணி என்றிருந்த நாளில், அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல மெதுவாக வாசித்தவர் அவர். வாத்தியத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். தலையில் எப்போதும் மேல்புறம் தட்டையான ‘பார்க் பை’ தொப்பி. புகழ்பெற்ற பாடகி பில்லி ஹாலிடே அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர் ‘பிரெஸ்’. பிரசிடெண்ட், அதாவது ஜனாதிபதி என்பதன் சுருக்கம்!

ஜனாதிபதி பட்டம் ராணுவத்தில் செல்லவில்லை. 1944-ல் அவரைக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் படைப்பிரிவுகள் இருந்த காலம் அது. சாக்ஸபோனைக் கொடுக்காமல் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். கஞ்சா வைத்திருந்ததாக 1945-ல் ராணுவ நீதிமன்றம் ஓராண்டு தண்டனை விதித்தது. வெளியே வந்த பிறகும் அவர் வாசித்தார். ஆனால் குடி அவரை விடவில்லை. 1959 மார்ச் 15-ந் தேதி, பாரிசிலிருந்து திரும்பிய கையோடு, நியூயார்க்கில் ஒரு ஓட்டல் அறையில் உயிர் பிரிந்தது. வயது 49.

சொல் இல்லாத ஒப்பாரி

செய்தி வந்தபோது சார்லஸ் மிங்கஸ் ஒரு இரவு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தார் என்றும், அங்கேயே ஒரு மெதுவான மெட்டை வாசிக்கத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். மிங்கசும் கறுப்பர்தான். பேஸ் எனப்படும், ஆளை விட உயரமான வயலின் ஜாதி வாத்தியத்தில் வல்லவர். மே மாதம் 12-ந் தேதி அந்த மெட்டு இசைத்தட்டுக்காகப் பதிவாயிற்று. நண்பர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மெட்டைத் தாங்குபவை டெனர் சாக்ஸபோன்கள். மறைந்தவர் வாசித்த அதே வாத்தியம்! வழக்கமாக ஆல்ட்டோ வாசிக்கும் ஜான் ஹாண்டி, இந்த ஒன்றுக்காக டெனரைக் கையில் எடுத்தார். புக்கர் எர்வினின் டெனரும் சேர்ந்துகொள்ள, ஒரே குரலாக மெட்டு எழும்புகிறது. பின்னால் பியானோ, பேஸ், டிரம் மட்டுமே. 12 ஆவர்த்தனங்களில் ஒரு சுற்று முடியும். கறுப்பர்கள் துயரத்தைப் பாடிய ‘புளூஸ்’ இசையின் அளவு அது. நடுவில் ஹாண்டி தனித்து வாசிக்கையில், ஓரிடத்தில் ஒரே சுரத்தை நாவால் படபடக்க வைக்கிறார். தொண்டை அடைத்தவர் பேச முயல்வது போலிருக்கும்.

மிங்கசுக்குக் கோபப்படத் தெரியாது என்று எண்ண வேண்டாம். கறுப்பு மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் 1957-ல் படையை நிறுத்திய ஆர்கன்சாஸ் கவர்னரை, இதே இசைத்தட்டில் உள்ள இன்னொரு உருப்படியில் கேலி செய்திருக்கிறார். ஆனால் நண்பருக்கான மெட்டில் யாரையும் ஏசவில்லை. ராணுவம் பிரெஸ்ஸைக் கைதியாக நினைத்தது. மிங்கஸ் தொப்பி அணிந்த அந்தக் கம்பீரத்தையே நினைத்தார். எப்படி நினைக்கப்பட வேண்டும் என்பதை உடன் உழைத்தவரே முடிவு செய்தார்!

கங்கையில்...

மெட்டு அத்துடன் நிற்கவில்லை. 1963-ல் மிங்கஸ் அதைப் பெரிய குழுவுடன் மீண்டும் பதிவு செய்தார். பின்னர் ஜோனி மிட்செல் என்ற பாடகி வரிகள் எழுதி, 1979-ல் பாடி வெளியிட்டார். அதைக் கையில் வாங்கிப் பார்க்க மிங்கஸ் இல்லை. நரம்பு நோயால் கைகால் செயலிழந்து, அந்த ஆண்டு ஜனவரி 5-ந் தேதி மெக்சிகோவில் காலமானார்.

அவருடைய விருப்பப்படி மனைவி அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்.

ரயில் கங்கைப் பாலத்தில் ஏறும்போது நம்மவர்கள் ஜன்னல் வழியாகக் காசு போட்டுக் கும்பிடுவார்கள். அடுத்த முறை அந்தப் பாலத்தைக் கடக்கையில் நண்பனை மறக்காத அந்த மனிதரையும் நினைத்துக்கொள்வேன். எங்கள் ஆபீஸ் குடை? அது அந்த ஆணியிலேயே இருக்கட்டும்.