புத்தம் புது ஹெலிகாப்டருக்கு என்ன கோளாறு? தட்டு முறிந்தது, 300-க்கு மேல் தரையில் முடங்கின!

அரக்கோணம் பக்கம் ரயிலில் போய் வருகிறவர்களுக்கு ஹெலிகாப்டர் ஓர் அதிசயம் அல்ல. தடதடவென்று தலைக்கு மேலே ஒன்று போகும். பேப்பர் படிக்கிறவர் நிமிர்ந்துகூட பார்க்க மாட்டார். 1992-ம் ஆண்டு மார்ச் மாதம் அன்றைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்த "ராஜாளி" கடற்படை விமான தளம் அங்கேதான் இருக்கிறது. கடற்படைக்கும் கடலோர காவல் படைக்கும் ஹெலிகாப்டர் ஓட்டும் விமானிகள் பயிற்சி பெறும் பள்ளியும் அதற்குள்தான்.

இங்கே பழகும் வாலிபர்கள்தான் பிறகு கடலுக்கு மேலே பறக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் நடுக்கடலில் படகு கவிழ்ந்த மீனவன் வானத்தைப் பார்க்கிறான். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட புது ஹெலிகாப்டர்கள் சில வருஷத்துக்குள்ளேயே சிக்கலில் மாட்டிக்கொண்டன. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடல் வேலைக்கென்று வந்தவை

பெங்களூரில் உள்ள மத்திய அரசின் எச்.ஏ.எல். நிறுவனம் தயாரிக்கும் ஹெலிகாப்டர் "துருவ்". முதன்முதலாகப் பறந்தது 1992-ல். 2002-ல் இருந்து முப்படைகளிலும் சேர்ந்தது. பனிமலை உச்சியில் சியாச்சின் வரை போய் வேலை செய்கிற எந்திரம். அதில் கடல் வேலைக்கென்று ரேடார், இரவிலும் பார்க்கும் கருவி எல்லாம் வைத்து செய்த ரகம் "மார்க்-3". 2021 முதல் கடற்படைக்கு 16, கடலோர காவல் படைக்கு 16 என்று இவை வந்து சேர்ந்தன. சென்னைக்கும் வந்தன. 2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இதற்கென்றே சென்னையில் 840-வது படைப்பிரிவு தொடங்கப்பட்டது.

மாலை போட்டு வரவேற்ற கையோடு தொல்லையும் ஆரம்பித்தது.

2023 மார்ச் 8-ந் தேதி மும்பை கடலோரம் கடற்படையின் துருவ் ஒன்று திடீரென்று சக்தி குறைந்து மளமளவென்று இறங்கியது. விமானிகள் எப்படியோ சமாளித்து தண்ணீர் மேல் இறக்கினார்கள். 3 பேரும் பிழைத்தார்கள். அதே மாதம் 26-ந் தேதி கொச்சி விமான நிலையத்தில் கடலோர காவல் படையின் துருவ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்தது. அதிலும் உயிர்ச்சேதம் இல்லை.

அதற்குப் பிறகு கட்டுப்பாட்டுத் தண்டுகள் மீது கண் போயிற்று. விமானி கைப்பிடியை அசைத்தால் அந்த அசைவை மேலே கொண்டு போகிறவை இவை. அலுமினியக் கலவையில் செய்த தண்டுகளை எடுத்துவிட்டு எஃகுத் தண்டுகள் போடப்பட்டன. சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

போர்பந்தரில் 2 முறை

2024 செப்டம்பர் 2-ந் தேதி இரவு. குஜராத் மாநிலம் போர்பந்தருக்கு அப்பால் கடலில் ஒரு எண்ணெய்க் கப்பல். அதில் காயம்பட்டவரை மீட்கப் போன துருவ் கடலில் விழுந்தது. அதில் இருந்த 4 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். காப்பாற்றப் போனவர்களைத் தேட வேண்டியதாயிற்று.

4 மாதம்தான் ஆகியிருக்கும். 2025 ஜனவரி 5-ந் தேதி, அதே போர்பந்தர் விமான தளத்தில், பயிற்சிக்குப் போன இன்னொரு துருவ் தரையில் விழுந்து தீப்பிடித்தது. 2 விமானிகளும் ஒரு நீச்சல் வீரரும் பலியானார்கள்.

இந்த முறை காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. "சுவாஷ் பிளேட்" என்ற தட்டு முறிந்திருந்தது. மேலே சுழலும் இறக்கைகளுக்கும் கீழே உட்கார்ந்திருக்கும் விமானிக்கும் நடுவில் இருப்பது இந்தத் தட்டுதான். ஒன்றின் மேல் ஒன்றாக 2 தட்டுகள். கீழ்த்தட்டு சுழலாது; மேல்தட்டு இறக்கையோடு சேர்ந்து சுழலும். தண்டுகள் தள்ளினால் தட்டு சாயும், தட்டு சாய்ந்தால் இறக்கையின் சாய்மானம் மாறும். ஹெலிகாப்டர் ஏறுவதும் திரும்புவதும் இதை வைத்துத்தான். இது போனால் விமானி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கையில் பிடி இருக்கும், வண்டி கேட்காது. பஸ்ஸில் ஸ்டியரிங் கழன்றாலாவது பிரேக் இருக்கிறது.

உடனே நாடு முழுவதும் 300-க்கு மேற்பட்ட துருவ் ஹெலிகாப்டர்கள் நிறுத்தப்பட்டன. கோவை சூலூரில் இருந்து வித்தை காட்டப் போகும் "சாரங்" குழுவும் தப்பவில்லை. அந்தக் குழுவிடம் இருப்பவையும் துருவ்தான். 2025 பிப்ரவரியில் பெங்களூர் விமானக் கண்காட்சி நடந்தபோது, துருவ் பிறந்த ஊரிலேயே சாரங் பறக்கவில்லை.

தானமாக வந்த மாடு

நம் சரக்கு என்றால்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் சரக்கும் இப்படி வந்திருக்கிறது.

1980-களில் பிரிட்டிஷ் உதவிப் பணம் 6 கோடியே 50 லட்சம் பவுனில் "வெஸ்ட்லேண்ட்-30" ஹெலிகாப்டர் 21 வாங்கப்பட்டது. எல்லாம் புதுசு. பவன் ஹன்ஸ் நிறுவனம் ஓட்டியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே பார்த்திருக்க வேண்டும். எந்திரக் கோளாறுகள் ஓயவில்லை. 1988-ல் ஜம்முவில் ஒன்றும் 1989-ல் நாகாலாந்தில் ஒன்றும் விழுந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. 1991-ல் அத்தனையும் நிறுத்தப்பட்டன. மிச்சம் இருந்த 19-ம் பிறகு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கே சுமார் 9 லட்சம் பவுனுக்குத் தள்ளிவிடப்பட்டன. கணக்குப் போட்டால் ரூபாய்க்கு ஒன்றரை பைசாகூட தேறவில்லை.

நம் துருவை வாங்கிய வெளிநாட்டுக்காரரும் கசந்துபோனது உண்டு. தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாடு 7 துருவ் வாங்கியது. 4 விழுந்தன. 2015-ல் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டது. அவற்றில் எல்லாமே எந்திரக் கோளாறு அல்ல; ஓட்டியவர் தவறும் உண்டு. ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். மேல்தோலில் ஒரு கீறல், ஒரு தையல் பிசகு இருந்தால் செக்கிங் மேஜையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். அதையும் மீறிப் போனால் வெளிநாட்டுக்காரன் மொத்த லாட்டையும் திருப்பிவிடுவான். நஷ்டம் பணத்தோடு போகும். துருவில் முறிந்த தட்டு செக்கிங் மேஜையைத் தாண்டிப் போய் போர்பந்தரில் அல்லவா அகப்பட்டது!

உப்புக் காற்று

தட்டு ஏன் முறிந்தது என்பதுதான் பெரிய கேள்வி. கடலுக்கு மேல் பறப்பவற்றுக்கு உப்புக் காற்றும் ஈரமும் ஒரு சோதனை. பாலாற்றங்கரை டேனரியில் உப்புத் தோல் வைத்த இடத்தில் இரும்பு என்ன கதி ஆகிறது என்பது வேலூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கடலுக்கென்றே செய்த எந்திரம் கடலைத் தாங்க வேண்டும் அல்லவா? வடிவமைப்பா, உலோகமா, பராமரிப்பா என்று ஆராய்ச்சி நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உதவியும் நாடப்பட்டது.

ஹெலிகாப்டரை நிறுத்தி வைப்பதும் சும்மா இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்ட திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கு வானத்தில் இருந்துதான் சாப்பாட்டுப் பொட்டலம் விழுந்தது. பறக்கவிட்டாலும் பயம், நிறுத்தினாலும் கஷ்டம்.

2025 ஏப்ரலில் காஷ்மீர் பகல்காமில் தாக்குதல் நடந்தது. எல்லையில் பதற்றம் ஏறியது. மே மாதத் தொடக்கத்தில் தரைப்படை, விமானப்படை துருவ்கள் மறுபடி பறக்க அனுமதி கொடுக்கப்பட்டது. கடற்படைக்கும் கடலோர காவல் படைக்கும் அப்போது அனுமதி கிடைக்கவில்லை. கடலுக்கென்று வாங்கியவை மட்டும் கொட்டகையிலேயே நின்றன.