ஒற்றை ஒளிப்படக் கருவியும் ஆடிகளும்: இணைப்படங்களை நேர்ப்படுத்துதல்

திறவுச்சொற்கள்: திட்பக்காட்சி, இணைப்படம், சமதள ஆடி, இடமாறு, நேர்ப்படுத்தல்

இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இடங்களிலிருந்து காண்பதனால் ஆழவுணர்வு பிறக்கிறது என்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் இரண்டு ஆடிகள் கொண்ட கருவியால் விளக்கினார். அவர் ஆடிகளைப் படம் காண்பதற்குப் பயன்படுத்தினார். படமெடுப்பதற்கும் அவை பயன்படும். வில்லையின் முன் உள்ளாடிகள் இரண்டையும் வெளியாடிகள் இரண்டையும் 45° சாய்வில் நிறுத்தினால், ஒரே படத்தின் இடப்பாதியில் இடக்கண் காட்சியும் வலப்பாதியில் வலக்கண் காட்சியும் பதியும். இரண்டும் ஒரே கணத்தில், ஒரே வில்லையால் பதிவதால் இரு கருவிகளை ஒத்தியக்கும் தொல்லை இல்லை. படத்தின் அகலம் பாதியாகிறது என்பது இதற்கான விலை.

எஞ்சுவது ஆடிகளின் பிழையே. ஒரு பொருட்புள்ளி இரு பாதிகளிலும் ஒரே கிடைவரியில் அமைதல் வேண்டும். கிடைத்திசையில் தோன்றும் இடமாறு ஆழத்தைச் சுட்டுவது. அதனை அழித்தல் ஆகாது. நிலைக்குத்துத் திசையில் தோன்றும் வேறுபாடு மட்டுமே களையப்பட வேண்டியது.

நிலைக்குத்து அச்சைச் சுற்றி ஆடி 0.5° திரும்பினால் எதிரொளித்த கதிர் 1° திரும்பும். இது பள்ளிப் பாடத்திலேயே உள்ள விதி. ஆனால் 45° சாய்வில் நிற்கும் வெளியாடி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ 0.5° சாய்ந்தால் விளைவு இருவகைப்படும். காட்சி ஏறத்தாழ 0.7° மேலோ கீழோ நகரும். அதே அளவிற்குப் படம் தன் தளத்திலேயே சுழலவும் செய்யும். குவியத் தொலைவு 1000 படப்புள்ளிகளுக்குச் சமமாயின், முன்னது ஏறத்தாழ 12 படப்புள்ளி இடப்பெயர்ச்சியைத் தரும். பின்னது மையத்திலிருந்து கிடையாக 500 படப்புள்ளி தள்ளிய விளிம்பில் அதனை 6 படப்புள்ளி அளவிற்குக் கூட்டும் அல்லது குறைக்கும். ஆகவே ஒரு பாதியை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யும் எளிய வழக்கம் போதாது; நடுப்பகுதி பொருந்தினாலும் விளிம்பு பொருந்தாது.

செய்முறையில் வரிசை முதன்மையானது. வில்லையின் உருக்குலைவை முழுப்படத்திலேயே முதலில் நீக்குதல் வேண்டும். உருக்குலைவின் மையம் முழுப்படத்தின் நடுவை ஒட்டியது. பிரித்த பாதிக்கு அது உள்விளிம்பில் விழுகிறது. பிரித்தபின் பாதியின் நடுவை மையமாகக் கொள்ளும் மென்பொருள் புதிய பிழையைப் புகுத்தும். சுழற்சித் திருத்தத்திற்கும் இதுவே பொருந்தும். எதிரொளிப்பு ஒற்றைப்படை எண்ணிக்கையில் நிகழ்ந்த பாதியை இடவலமாகத் திருப்புதலும் தேவை. நான்காடி அமைப்பில் ஒவ்வொரு பாதிக்கும் இரு எதிரொளிப்புகள் நிகழ்வதால் அத்தேவை எழுவதில்லை.

ஒரே ஆடி கொண்ட அமைப்பு தனிச் சிறப்புடையது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குளுக்மன், நயார் ஆகியோர் இத்தகைய அமைப்புகளின் வடிவியலை விரிவாக ஆய்ந்துள்ளனர். பொருட்புள்ளியையும் அதன் ஆடிப் பிம்பத்தையும் இணைக்கும் கோடுகள் யாவும் ஆடியின் செங்குத்துக்கு இணையானவை. எனவே படத்தில் அவை ஒரே புள்ளியில் குவியும். இரண்டு புள்ளியிணைகளைக் கொண்டே அக்குவிபுள்ளியைக் காணலாம். ஆடியின் செங்குத்து, படத்தின் கிடையச்சுக்கு இணையாக நின்றால் அப்புள்ளி முடிவிலிக்குச் செல்லும்; இணைப்படம் எடுக்கும்போதே நேர்ப்பட்டு அமையும்.

திருத்திய பின் எஞ்சும் நிலைக்குத்து வேறுபாடுகளைப் படம் முழுவதும் குறித்துப் பார்த்தல் நன்று. அவை ஒழுங்கின்றிச் சிதறியிருப்பின் குறையில்லை. நடுக்கிடைவரியில் மறைந்து மூலைகளை நோக்கிப் பெருகினால், ஓர் ஆடி நிலைக்குத்து அச்சைச் சுற்றித் திரும்பியிருத்தல் கூடும்.